எட்டு ரூபாய் சேமிப்பு, பதினைந்து ரூபாய் வட்டி

தம்பி,

சென்ற ஞாயிறு பூசையில் சாமியார் உன் கல்யாண அறிவிப்பின் இரண்டாம் ஓலையை வாசித்தபோது நீ கோயிலில் இல்லை. எண்ணூர் ஆலையில் உனக்கு ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட். உன் பெயர், ஸ்டெல்லாவின் பெயர், இரண்டு வீட்டுப் பெற்றோர் பெயர் எல்லாவற்றையும் வாசித்து முடித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று அவர் எப்போதும் சொல்வதைச் சொன்னார். பெண்கள் பக்கத்திலிருந்து உன் அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். உன் கல்யாணத்துக்கு ஒரு தடையும் இல்லை. ஸ்டெல்லா நல்ல பெண், நல்ல குடும்பம். ஆனால் தெரிவிக்கக் கடமைப்பட்ட விஷயம் ஒன்று என்னிடம் ஒன்பது வருஷமாக இருக்கிறது. அந்தப் பார்வை அதற்காகத்தான்.

நேரில் சொல்லலாம்தான். இராயபுரத்திலிருந்து நீ குடியிருக்கும் திருவொற்றியூருக்கு ஒரு பஸ். ஆனால் உன் எதிரில் உட்கார்ந்தால் நான் வெயிலைப் பற்றியும் உன் வயிற்றைப் பற்றியும் விசாரித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். இது வெள்ளிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று புதன்கிழமையே தபாலில் சேர்க்கிறேன். சனிக்கிழமை உன் சம்பள நாள். அன்று ஷிப்ட் முடிந்ததும் உங்கள் ஆலை வாசலில் நிற்கும் வட்டிக்காரரிடம் கல்யாணச் செலவுக்கு மூவாயிரம் ரூபாய் வாங்கப் போவதாக நீ உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். ஆறே மாதத்தில் அடைத்துவிடுவேன் என்றும் சொன்னாயாம். நானும் ஆறு மாதம் என்றுதான் சொன்னேன். அந்த ஆறு மாதம் ஆறு வருஷமான கதையை நீ தெரிந்துகொண்ட பிறகு அந்த வாசலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்.

போன வாரம் கல்யாணத்துக்காக வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். கூடத்துச் சுவரிலிருந்து திரு இருதயப் படத்தைக் கழற்றியவள் உன் அம்மா. படத்தின் பின்பக்க அட்டையைப் பூச்சி அரித்திருந்தது. அது விலகி, உள்ளே இருந்த பழுப்பு உறை ஒன்று தரையில் விழுந்தது. மேலே உன் பெயர் இருந்தது. உன் அம்மா எழுத்துக்கூட்டிப் படித்து உன் பெயர் என்று தெரிந்துகொண்டாள். உள்ளே இருந்தது ஆங்கிலம். என்னிடம் நீட்டி, இன்னா போட்டிருக்கு, சொல்லுங்க என்றாள். பொய் சொல்ல வாய் வந்தது, தம்பி. சொல்லவில்லை. நீ பதினொன்றாவது பாஸான வருஷம் பாலிடெக்னிக்கிலிருந்து உனக்கு வந்த கடிதம் அது. உனக்கு இடம் கிடைத்திருக்கிறது, பத்து நாளைக்குள் பணம் கட்டிச் சேர வேண்டும் என்று எழுதியிருந்தது. அதை அங்கே ஒளித்து வைத்தவன் நான்.

உன் அம்மா கவிழ்த்துப் போட்ட சுண்ணாம்பு வாளிமேல் உட்கார்ந்தாள். அழவில்லை. பிறகு ஒன்று மட்டும் கேட்டாள்: "டெய்லி இதுக்கு முன்னாடிதான் முட்டி போட்டீங்களா?"

ஆமாம். தினமும் ஏழு மணி செபமாலைக்கு நாம் மூவரும் அந்தப் படத்தின் முன்னால்தான் முழங்காலிட்டோம். அந்த வருஷம் ஜூன் முழுவதும் பாலிடெக்னிக் கடிதம் வர வேண்டும் என்று நீ ஒரு அருள்நிறை மந்திரம் கூடுதலாகச் சொன்னாய். நானும் உன்னோடு சேர்ந்து சொன்னேன்.

உறையை உன் அம்மா என் மடியில் வைத்தாள். "நீங்களே அவன் கையில குடுங்க. நான் குடுத்தா கோள் சொன்ன மாதிரி ஆயிடும்" என்றாள். இந்தக் கடிதத்தோடு அதையும் வைத்திருக்கிறேன். எங்கிருந்து தொடங்கியது என்று இனி வரிசையாகச் சொல்கிறேன். வரிசையாகச் சொல்வது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது.

உனக்குப் பத்து வயதில் கோயிலில் முதல் நற்கருணையாகப் புதுநன்மை கொடுத்தார்கள். அந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். வெள்ளைச் சட்டை, வெள்ளை அரைக்கால் சட்டை, கையில் பூச்சுற்றிய மெழுகுவர்த்தி. நம் தெருவில் புதுநன்மை வாங்கிய பிள்ளையின் வீட்டில் அன்று விருந்து வைப்பார்கள். முந்தைய வருஷம் எதிர்வீட்டில் ஆடு அடித்தார்கள். நாமும் குறைந்தது அறுபது பேருக்காவது போட வேண்டும் என்று நானாக முடிவு செய்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. உன் அம்மாகூட, டீயும் கேக்கும் போதும் என்றுதான் சொன்னாள். நூற்றைம்பது ரூபாய் தேவைப்பட்டது. அப்போது துறைமுக ரைட்டர் வேலையில் எனக்குச் சம்பளம் நூற்றுத் தொண்ணூறு.

அந்த நூற்றைம்பது என்னிடம் இருந்தது என்பதுதான் விஷயம். நீ பிறந்ததிலிருந்து உன் பெயரில் தபாலாபீசில் ஒரு சேமிப்புப் புத்தகம் வைத்திருந்தேன். முதலில் கிடைத்ததைப் போட்டேன், பிறகு மாதம் எட்டு ரூபாய் தவறாமல். அன்றைக்கு அதில் நூற்று அறுபது ரூபாய் இருந்தது. எடுத்துவிடலாம் என்றுதான் ஒரு நாள் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். பணம் எடுக்கும் பாரத்தை நிரப்பிக் கையெழுத்தும் போட்டு வரிசையில் நின்றேன்.

கவுண்டரில் இருந்தவர் அருளப்பன். உனக்குத் தெரியும், கோயிலில் பாட்டுக் குழுவில் பெரிய குரலில் பாடுவாரே, அவர்தான். நல்ல மனிதர். ஆனால் அந்தக் குரலைப் பீடத்தின் முன் ஒன்று, கவுண்டரில் ஒன்று என்று அவர் மாற்றி வைத்துக்கொள்வதில்லை. எனக்கு முன்னால் நின்ற மேரி என்கிற மீன்காரப் பெண் இருபது ரூபாய் எடுக்கப் பாரத்தை நீட்டினாள்.

"இன்னா மேரி, வூட்டுக்காரன் மறுபடியும் குடிச்சு அழிச்சிட்டானா? புக்கக் காலி பண்ண வந்துட்ட?"

வரிசை முழுவதும் சிரித்தது. மேரியும் சிரித்தாள். அவன் குடிச்சா இன்னா, நீ பாடினா இன்னா, எல்லாம் ஒரே சத்தம்தான், துட்டக் குடு என்று அவரிடம் திருப்பிச் சொல்லிவிட்டு, இருபது ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். இன்று யோசித்தால் அவளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஒரு நிமிஷச் சிரிப்பு, அவ்வளவுதான் அவள் கட்டிய வட்டி. ஆனால் அடுத்து என் பெயர் அந்தக் குரலில் வருமே என்றுதான் அன்று நினைத்தேன். பாரத்தை மடித்துக் கைக்குள் அமுக்கிக்கொண்டேன். வாங்க ரைட்டர், போடவா எடுக்கவா என்றார் அருளப்பன். போடத்தான் என்றேன். சட்டைப் பையில் இருந்ததில் எட்டு ரூபாய் எடுத்துக் கட்டினேன். அவர் முத்திரை குத்திவிட்டு எனக்குப் பின்னால் நின்றவர்களைப் பார்த்து, மனுசன்னா இப்படி இருக்கணும் என்றார்.

பணம் எடுக்கப் போனவன் பணம் கட்டிவிட்டு வந்தேன். அதே நாள் சாயங்காலம் துறைமுக வாசலில் வட்டிக்கு விடும் மாணிக்கத்தின் முன்னால் நின்றேன். வியாசர்பாடியிலிருந்து சைக்கிளில் வருவார். எங்கள் கோயிலுக்கும் அவருக்கும், எங்கள் தெருவுக்கும் அவருக்கும் சம்பந்தம் கிடையாது. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. ரூபாய்க்கு மாதம் பத்துப் பைசா வட்டி. நூற்றைம்பதுக்குப் பதினைந்து ரூபாய். ஆறு மாதத்தில் முடித்துவிடுகிறேன் என்றேன். மாணிக்கம் தலையை ஆட்டினார். அவர் அதை எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்பார்.

நான் என்ன வேலை பார்த்தவன் என்பது உனக்குத் தெரியும். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிப்பது. நான்கு கோடு, குறுக்கே ஐந்தாவது. இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு கோதுமைக் கப்பலில்கூட என் எண்ணிக்கை பிசகியதில்லை என்று மேலதிகாரிகள் சொல்லியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவனுக்கு, ஒரு கையால் எட்டு ரூபாய் சேர்த்துக்கொண்டு மறு கையால் பதினைந்து ரூபாய் கொட்டுகிறோம் என்பது தெரியாமல் இருந்திருக்குமா? தெரியும். முதல் மாதமே தெரியும். வீட்டுச் செலவை நான் நோட்டில் எழுதுவேன், உப்பு வாங்கினாலும் எழுதுவேன். வட்டியை மட்டும் எழுதவில்லை. எழுதினால் கூட்ட வேண்டிவரும். கூட்டினால் ஏதாவது செய்ய வேண்டிவரும்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு சம்பள நாளில் மாணிக்கத்துக்குக் கொடுக்கச் சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்தபோது தபாலாபீஸ் புத்தகமும் சேர்ந்து கீழே விழுந்தது. அதற்குள் உன் அம்மாவுக்கு டைபாய்டு வந்து, இன்னொரு நூறும் வாங்கியிருந்தேன். மாணிக்கம் புத்தகத்தை எடுத்து மண்ணைத் தட்டி, பிரித்துப் பார்த்தார்.

"இன்னா ரைட்டரே, இதுல முந்நூத்தம்பதுக்கு மேல கீது. எனுக்கு நீ தர வேண்டியது இருநூத்தம்பது. இத்த எடுத்து என் மூஞ்சில போட்டுட்டு நிம்மதியா வூட்டுக்குப் போவ வேண்டிதான?"

அது பையன் பணம் என்றேன்.

அவர் புத்தகத்தை என் பையிலேயே திரும்பச் செருகினார். "அப்போ மாசாமாசம் எங்கிட்ட குட்த்துகினு கீறியே நைனா, இது யாரு துட்டு?"

பக்கத்தில் வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தவன் சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன். மாணிக்கம் சிரிக்கவில்லை. கடன் கொடுத்தவர் கடன் வாங்கியவனுக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை, அவருக்கு அதில் நஷ்டம். இருந்தும் சொன்னார். அப்போதாவது கேட்டிருக்கலாம். நான் திரும்ப அருளப்பனின் கவுண்டரைப் பற்றி நினைத்தேன். தெரியாத ஒருவர் முன்னால் மாதம் ஒருமுறை கூனிக் குறுகுவது, தெரிந்த ஒருவர் முன்னால் ஒரே ஒருமுறை குறுகுவதைவிட எனக்குச் சுலபமாக இருந்தது. இவ்வளவுதான் என் கதை. மற்றதெல்லாம் இதன் கிளைகள்.

சம்பளத்தில் ஏன் குறைகிறது என்று உன் அம்மா கேட்டபோது, கூட்டுறவுச் சங்கத்தில் பிடிக்கிறார்கள் என்றேன். அவள் நம்பினாள். முதலில் பாலை நிறுத்தினாள். பிறகு அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த பித்தளை அண்டாவை விற்றாள். பிறகு தெருமுனைத் தையற்கடைக்குக் காஜா எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். மத்தியானம் வாசல் வெளிச்சத்தில் சட்டைகளைக் குவித்து வைத்துக்கொண்டு அவள் பொத்தான் துளைகளுக்கு நூல் கட்டிக்கொண்டிருப்பாளே, அது வீட்டுக்காக என்று நீ நினைத்தாய், அவளும் நினைத்தாள். அது மாணிக்கத்துக்காக. அதே சமயம் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பூசை முடிந்து வந்ததும் தபாலாபீஸ் புத்தகத்தை நான் அவளிடம் காட்டுவேன். அவள் புதிய வரியை விரலால் தடவிப் பார்ப்பாள். எங்க வீட்டுக்காரர் எத்தனை கஷ்டத்திலும் புள்ளை புக்க தொட மாட்டார் என்று பக்கத்து வீடுகளில் பெருமையாகச் சொல்வாள். அந்தப் பெருமை எனக்கு வேண்டியிருந்தது. அதற்குத்தான் நான் அவ்வளவு விலை கொடுத்தேன்.

வட்டி கட்ட முடியாத மாதங்களில் வட்டியே அசலாயிற்று. நீ பதினொன்றாவது எழுதிய வருஷம் கடன் எழுநூறு ஆகியிருந்தது, மாதவட்டி எழுபது. ஒரு மாதம் தவறியது. மாணிக்கம் முதல்முறையாகக் கோபப்பட்டு, அடுத்த மாதமும் இப்படியானால் ஞாயிற்றுக்கிழமை உங்க கோயில் வாசல்லயே வந்து நிப்பேன் என்றார். எனக்கு வேறு எந்த மிரட்டலும் வேண்டியிருக்கவில்லை. மே மாதத்தில் அருளப்பன் லீவில் சொந்த ஊருக்குப் போகும் வாரம் எது என்று பேச்சோடு பேச்சாக விசாரித்து வைத்துக்கொண்டேன். அந்த வாரம் கவுண்டரில் இருந்தவர் புது ஆள். பாரத்தை வாங்கினார், பணத்தை எண்ணிக் கொடுத்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆறு வருஷம் பயந்தது இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. கணக்கை மூடாமல் ஐந்து ரூபாய் மட்டும் விட்டுவிட்டு எண்ணூற்று இருபது ரூபாய் எடுத்தேன். அதற்குப் பிறகு புத்தகம் துறைமுக மேசையில் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லி, உன் அம்மாவிடம் காட்டுவதை நிறுத்திவிட்டேன். எழுநூற்று எழுபது மாணிக்கத்துக்குப் போயிற்று. மீதி ஐம்பதில் உனக்கு முதல்முதலாக ஒரு முழுக்கால் சட்டையும் மேல்சட்டையும் தைத்தோமே, நினைவிருக்கிறதா? அப்பா தாராளமாகிவிட்டார் என்று நீ சிரித்தாய்.

மாணிக்கம் பணத்தை எண்ணி முடித்து, நான் எழுதிக் கொடுத்த கடன் சீட்டைக் கிழித்துப் போட்டார். பையன் புக்கா என்றார். "எங்கிட்ட வாங்கினத நான் ஊர்ல ஒருத்தன்கிட்டயும் சொன்னதில்ல ரைட்டரே. ஆனா நீ வூட்லயே சொல்லல. அதான் எனுக்கு பேஜாராக் கீது" என்றார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்துப் பாலிடெக்னிக் கடிதம் வந்தது. எனக்கு அன்று இரண்டாம் ஷிப்ட், காலையில் வீட்டில் இருந்தேன். நீயும் அம்மாவும் வெளியே போயிருந்தீர்கள். கட்ட வேண்டியது இருநூற்றுச் சொச்சம். ரயில்வேயில் இருந்த உன் மாமாவிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். சாமியாரிடம் கேட்டிருந்தால் ஏதாவது வழி செய்திருப்பார். உன் அம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றியிருப்பாள். பணம் கிடைக்காது என்பதால் நான் கடிதத்தை மறைக்கவில்லை. பணம் கேட்டால், புள்ளை புக்கு என்னாச்சு என்று ஒருவராவது கேட்பார்கள் என்பதால் மறைத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மட்டும் என்று நினைத்துத்தான் படத்தின் பின்னால் செருகினேன். சாயங்காலம் எடுத்துவிடலாம், நாளைக்கு எடுத்துவிடலாம் என்று பத்து நாள் ஓடியது.

நம் தெரு பெனடிக்ட்டுக்குக் கடிதம் வந்துவிட்டது. அவனைவிட எனக்குத்தாம்ப்பா மார்க் ஜாஸ்தி என்று நீ என்னிடம் சொன்னாய். நேரில் போய்க் கேட்டு வரப்போகிறேன் என்றாய். நீ போனால் தெரிந்துவிடும். உனக்கு இங்கிலீஷில் பேச வராது, நான் போய்க் கேட்கிறேன் என்றேன். ஒரு நாள் லீவு போட்டேன். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, உன் மதிப்பெண் தாளையும் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். நான் அங்கே போகவில்லை, தம்பி. காசிமேட்டில் கட்டுமரங்களுக்கு நடுவில், வலை பின்னிக்கொண்டிருந்தவர்களுக்குப் பக்கத்தில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். அவர்களில் ஒருவர், யாரைத் தேடுறீங்க ஐயா என்று இரண்டு முறை கேட்டார். ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்து, பட்டியல் முடிந்துவிட்டதாம், அடுத்த வருஷம் பார்க்கலாமாம் என்றேன். நீ என் செருப்பில் இருந்த மணலைப் பார்த்தாய். பார்த்தாயா, இல்லை நான்தான் அப்படி நினைத்துக்கொண்டேனா, இன்றுவரை தெரியாது.

அடுத்த வருஷம் வரவில்லை. ஆகஸ்டில் அந்தப் புது முழுக்கால் சட்டையைப் போட்டுக்கொண்டு எண்ணூர் ஆலைக்கு வேலைக்குப் போனாய். பெனடிக்ட் மூன்று வருஷம் படித்துவிட்டு வந்து இன்று அதே ஆலையில் உனக்கு மேற்பார்வையாளன். அவன் கல்யாணத்துக்கு நீ பந்தல் போட்டாய். அவனிடம் உனக்குப் பொறாமை கிடையாது, அது உன் குணம். எனக்குத்தான் அவனைத் தெருவில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பத் தோன்றுகிறது.

இனி நான் புத்தி சொன்னால் நீ சிரிக்கலாம். உரிமை இல்லாதவன் சொல்வதாகவே எடுத்துக்கொள். கடனை வைத்துக்கொண்டு சேர்க்கிற பணம் சேமிப்பு அல்ல. அது அடுத்தவர்களுக்குக் காட்டுகிற ஒரு படம், அவ்வளவுதான். கையில் கிடைப்பதைப் போட்டு முதலில் வட்டி கூடுதலாக ஓடுகிற கடனை உடைக்க வேண்டும். வட்டியை மட்டும் ஒழுங்காகக் கட்டுகிறவன் நாணயமானவன் என்று ஊர் சொல்லும், நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன். நூற்றைம்பது ரூபாய் விருந்தில் தொடங்கிய கடனுக்கு நான் கட்டியது இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் இருக்கும். அதை இந்த வாரம்தான் முதல்முறையாகக் காகிதத்தில் போட்டுக் கூட்டினேன். உனக்குக் கடன் வாங்கித்தான் தீர வேண்டும் என்று ஒரு நாள் வந்தால், உன்னைத் தெரிந்தவர்களிடம் போ. மாமாவிடம் போ, உங்கள் ஆலைச் சங்கத்தில் கேள். அங்கே ஒரு நாள் வெட்கம், குறைந்த வட்டி. எல்லாவற்றையும்விட, சம்பளக் கவரைப் பிரிக்காமல் ஸ்டெல்லா கையில் கொடு. நான் உன் அம்மாவிடம் பிரித்த கவரைத்தான் கொடுத்தேன். மற்ற பொய்யெல்லாம் அந்தப் பிரிப்பிலிருந்து வந்தது.

உன் முதல் சம்பளத்தில் தொண்ணூறு ரூபாயை என் கையில் கொடுத்து, அப்பா, புக்குல போடு என்றாய். போட்டேன். அந்த ஐந்து ரூபாய்க்குக் கீழே அதுதான் அடுத்த வரி. அதற்குப் பிறகு மாதம் இருபது ரூபாய், ரிட்டையரான பிறகும் நிறுத்தாமல் போட்டு வந்திருக்கிறேன். இப்போது வட்டியோடு இரண்டாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் இருக்கிறது. இதை அன்பளிப்பு என்று நினைத்துவிடாதே. உன்னிடமிருந்து எடுத்ததைத் திருப்பி வைத்திருக்கிறேன். மூன்று வருஷப் படிப்பு அதில் இல்லை. அதை எந்தக் கவுண்டரிலும் திருப்பிக் கட்ட முடியாது என்பதைத் தெரிந்துதான் எழுதுகிறேன். உனக்கு வேண்டிய மூவாயிரத்துக்கு இன்னும் முந்நூறு குறைகிறது. அதற்காக நான் எங்கும் கடன் கேட்கப் போவதில்லை, நீயும் கேட்காதே. நானூறு பேருக்குப் பதில் முந்நூற்றைம்பது பேரைக் கூப்பிடு. விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொண்டால் பட்டியல் போட்டது அப்பா என்று சொல்.

கணக்கு உன் பெயரில் இருக்கிறது, நீயும் மேஜராகிவிட்டாய். உன் கையெழுத்து இல்லாமல் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. அதனால் சனிக்கிழமை உனக்கு இரண்டாம் ஷிப்ட் என்பதை உன் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். காலை பத்து மணிக்கு நம் தபாலாபீசுக்கு வா. கோபமாக வந்தாலும் சரி, பேசாமல் வந்தாலும் சரி. வராமல் போனாலும் நான் உன்னைக் குறை சொல்ல மாட்டேன், அடுத்த சனிக்கிழமையும் அங்கே நிற்பேன். கல்யாணத்துக்குப் பிறகும் நிற்பேன். ஆனால் அன்று இரவு ஷிப்ட் முடிந்து ஆலை வாசலில் நீ நிற்க வேண்டாம்.

அருளப்பனுக்கு ரிட்டையராக இன்னும் ஏழு மாதம் இருக்கிறதாம். அதே கவுண்டரில்தான் உட்கார்ந்திருக்கிறார், குரலும் குறையவில்லை. சனிக்கிழமை அவர் லீவு இல்லை என்பதையும் விசாரித்துக்கொண்டேன். புத்தகத்தைப் பார்த்ததும், இன்னா ரைட்டர், மொத்தத்தையும் எடுக்கறீங்க, இன்னா விசேஷம் என்று வரிசை முழுவதும் கேட்கும்படி கேட்பார். பிள்ளைக்குக் கல்யாணம் என்று சொல்லிவிட்டால் அவர் வாழ்த்திவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுவார். அது உண்மையும்தான். ஆனால் நான் அதைச் சொல்லப் போவதில்லை. எடுக்க வந்த அன்றைக்குப் போட வந்தேன் என்று உங்களிடம் ஒரு பொய் சொன்னேன் என்று ஆரம்பிக்கப் போகிறேன். எனக்குக் குரல் சின்னது, நடுவில் நின்றுவிடவும் கூடும். நீ பக்கத்தில் இருந்தால், நான் எதையாவது விட்டுவிட்டால் எடுத்துக் கொடு.

பத்து மணி, இரண்டாவது கவுண்டர். நான் ஒன்பதரைக்கே வந்து வரிசையில் நிற்பேன்.

உன் அப்பா